கல் சென்ற வழி: சிங்கப்பூர்க் கல்வெட்டின் சேகரிப்பு வரலாறு



இன்றைய பொழிவின் பொருள் ஒரு கல். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்று, 1843ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, இன்று நம் தேசிய அரும்பொருளகத்தில் ஒரு துண்டாக மட்டும் காட்சிக்கிருக்கும் கல். அதன் எழுத்தை இதுவரை எவரும் முழுமையாகப் படித்ததில்லை. எழுத்தின் பழமை அதற்கு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், அந்தக் கல் யார் யார் கைக்கு எவ்வாறு சென்றது என்பதே என்று நாம் கருதுகிறோம். ஆகவே, கல் என்ன சொல்கிறது என்பதைக் காட்டிலும் கல் எவ்வழியே சென்றது என்பதையே இங்கு மிகுதியாகப் பேசவிருக்கிறோம். 'சோழர் கல்வெட்டு ஒன்று சிங்கப்பூரில் இருந்தது' என்று நம் மாணவர்க்கு வகுப்பறையில் சொல்லலாமா என்ற வினாவும் அதனோடு சேர்ந்தே எழும். அவ்வினாவுக்கு ஆசிரியர்கள் விடை வைத்திருக்க வேண்டும்.

எழுத்துடைய கல் ஒன்று தன் நிலத்தைவிட்டுப் பெயரும்போது என்ன நேர்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் நாடு எகிப்து. அங்கிருந்தே தொடங்குவோம்.

பண்டை எகிப்தியர் இறந்தோர்க்கு எடுத்த நினைவுக்கற்களில் பெரும்பாலும் மூன்று செய்திகள் இருக்கும். இறந்தவரின் பெயர், அவர் வகித்த பதவி, அவருக்கு வேண்டிய படையல். ஆயிரம் அப்பம், ஆயிரம் குடம் மது, ஆயிரம் எருது, ஆயிரம் பறவை என்று படையற் பட்டியல் நீளும். சில கற்களில் வழிப்போக்கர்க்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இவ்வழியே செல்வோரே, இப்படையலின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லுங்கள், அதனால் உங்களுக்கு மூச்சுக்காற்று தவிர வேறு செலவில்லை என்னும் பொருள்பட அவ்வேண்டுகோள் அமையும். சொல்லப்பட்டால் படையல் கிட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனவே அந்தக் கல்லுக்கு இடம் இன்றியமையாதது. ஆட்கள் நடக்கும் வழியில் அது நிற்க வேண்டும். ஒசிரிசு என்னும் தெய்வத்தின் திருவுலா நடைபெற்ற அபைடோசு நகரில், ஊர்வலப் பாதையை நோக்கியவாறு குடும்பம் குடும்பமாகச் சிறு கோயில்கள் எழுப்பி, அவற்றில் இக்கற்களை நிறுத்தியதன் காரணம் அதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்திலிருந்த ஐரோப்பியத் தூதர்கள் பழம்பொருள் திரட்டுவதைத் தொழிலாகவே நடத்தினர். பிரிட்டிஷ் தூதர் ஹென்றி சால்ட் திரட்டியவற்றில் ஒரு பகுதி 1823இல் லண்டன் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தைச் சேர்ந்தது. அனஸ்தாசி என்னும் வணிகர் திரட்டியவற்றை நெதர்லாந்து அரசு 1828இல் வாங்கி லைடன் நகரில் வைத்தது. அபைடோசுக் கற்களை அகழ்ந்தெடுத்த கூலியாட்கள், எந்தக் கல் எந்தக் கோயிலில் இருந்தது என்று எழுதிவைக்கவில்லை. எழுதச் சொன்னவரும் இல்லை. தந்தையின் கல் ஒரு நாட்டுக்கும் மகனின் கல் வேறொரு நாட்டுக்கும் போயின. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, வில்லியம் கெல்லி சிம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் பல நாட்டு அரும்பொருளகக் கற்களிலிருந்த பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இன்னின்ன கற்கள் ஒரே குடும்பத்துக் கோயிலைச் சேர்ந்தவை என்று தாளில் ஒன்றுசேர்த்தார். அவர் நூல் 1974இல் வெளிவந்தது. கல்லில் பெயர் தெளிவாக இருந்ததாலேயே அது இயன்றது. பெயரும் தேய்ந்திருந்தால்?

தமிழர்க்கு இச்செய்தி புதிதன்று. நடுகல்லுக்குக் கல்லைத் தெரிவதிலிருந்து வாழ்த்துவது வரை ஒவ்வொரு நிலைக்கும் தொல்காப்பியம் பெயர் சூட்டியிருக்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று தொடரும் அவ்வரிசையை உயர்நிலை மாணவர் அறிவர். நடுகல்லிலும் பெயர் உண்டு, இறந்த காரணம் உண்டு. செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூர் நடுகல்லில், மகேந்திரவர்மன் காலத்தில் கால்நடைகளைக் காக்கப் போராடி மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்த அவனுடைய நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அந்நாயின் பெயர். அப்பகுதிக் கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக 1972இல் வெளியிட்டது. எழுத்தோடு ஊரும் இடமும் சேர்த்துப் பதியப்பெற்றமையால், எந்த ஊர் மாடுகளை எந்த ஊரார் கவர்ந்தனர் என்பதைக்கூட இன்று நம்மால் பேச முடிகிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்களும் அவ்வாறே. 'ஆகோள்' என்ற சொல் அவற்றுள் ஒன்றில் கிடைத்தபோது, இலக்கணத்தில் மட்டும் படித்துவந்த ஒரு சொல்லுக்கு ஊரும் ஆளும் கிடைத்தன.

இனி நம் ஆற்றங்கரைக்கு வருவோம்.

1819ஆம் ஆண்டு ஜூன் மாதம், சிங்கப்பூர் ஆற்றின் தென்கரை முனையில் காடு வெட்டிய தொழிலாளர் அந்தக் கல்லைக் கண்டனர். இன்று புல்லர்டன் ஹோட்டல் நிற்கும் இடத்தை அடுத்த பகுதி அது. மணற்பாறை. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். சுமார் ஐம்பது வரி எழுத்து. 1822 பிப்ரவரியில் அதனைப் பார்வையிட்ட ஜான் கிராஃபர்ட், ஒரு பெரும் பாறை இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளும் இரண்டரை அடி இடைவெளியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நின்றதாக எழுதினார். உட்புறத்தில் எழுத்து இருந்தது. எழுத்துகள் சதுர வடிவினும் வட்ட வடிவையே மிகுதியும் சார்ந்தவை என்றும், இங்குமங்கும் சில எழுத்துகள் மட்டுமே தெளிவு என்றும் அவர் குறித்திருக்கிறார்.

அதே 1822ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் பாரிஸ் நகரில் ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தைப் படித்த முறையை அறிவித்தார். அவருக்கு உதவிய ரொசெட்டாக் கல் 1799இல் ஒரு கோட்டையைப் பழுதுபார்த்தபோது கிடைத்தது. 1802இல் லண்டன் சென்றது. ஷாம்போலியோன் அந்தக் கல்லைத் தம்முன் வைத்துப் படிக்கவில்லை. படிகளை வைத்தே படித்தார். கல் கிடைத்த சில மாதங்களிலேயே அதன்மேல் மைபூசித் தாளில் ஒற்றியெடுத்திருந்தார்கள். பின்னர் வார்ப்புப் படிகளும் பல பல்கலைக்கழகங்களுக்குச் சென்றன. ஒரே செய்தி மூன்று எழுத்து வகைகளில் இருந்தது அந்தக் கல்லின் பேறு. நல்ல படிகள் பலர் கையில் இருந்தது மற்றொரு பேறு. நம் கல்லுக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

முயற்சி இல்லாமல் இல்லை. மலாக்காவைச் சேர்ந்த முன்ஷி அப்துல்லா தம் வாழ்க்கை வரலாற்றில் அக்காட்சியை விரிவாகவே எழுதியிருக்கிறார். கல் கிடைத்தது தெரிந்ததும் எல்லா இனத்தாரும் திரண்டு சென்று பார்த்தனராம். இந்தியர் அது இந்து எழுத்து என்றனர், ஆனால் படிக்கவில்லை. சீனர் அது சீன எழுத்து என்றனர். தமக்கோ அரபு எழுத்தின் சாயல் தெரிந்தது என்கிறார் அப்துல்லா. பார்த்தவர் ஒவ்வொருவரும் தத்தம் எழுத்தையே அதில் கண்டனர் என்பது நம் கவனத்துக்குரியது. ராஃபிள்ஸும் பார்த்துவிட்டு இந்து எழுத்துதான் என்று முடிவு சொன்னார். கிழக்குத் தீவுகளுக்கு முதலில் வந்தவர்கள் இந்துக்கள் என்பது அவர் கருத்து. எழுத்தைப் பார்த்துச் சொன்ன முடிவன்று அது. வரலாறு இவ்வாறு இருந்திருக்கும் என்று முன்பே கொண்ட எண்ணத்திலிருந்து பிறந்த முடிவு.

அப்துல்லா தமிழ் அறிந்தவர். நாகூரோடு உறவுடைய குடும்பத்தில் பிறந்து, சிறு பிராயத்தில் இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயின்றவர். மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குவழக்குக்காகத் தமிழ் படிப்பது அக்கால வழக்கம் என்று அவரே எழுதுகிறார். அத்தகையவர் கல்லின் முன் நின்றும், அது தமிழ்போல் தோன்றியதாகச் சொல்லவில்லை. இதைக் கொண்டு அது தமிழன்று என்று முடிவுகட்டிவிடலாகாது. அவர் பயின்றது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழெழுத்து. பதினோராம் நூற்றாண்டின் கல்லெழுத்தை இன்றைய தமிழாசிரியரும் பயிற்சியின்றிப் படிக்க இயலாது. ஆயினும் சான்று சான்றே. எடைபோடும்போது தட்டில் வைக்க வேண்டும்.

படியெடுத்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நன்கு பிசைந்த மென்மையான மாவை எழுத்தின்மேல் அழுத்தி அச்செடுத்தார்கள். எழுத்தின் பள்ளத்தில் வெள்ளீயம் பூசி, சுற்றிலும் மாவை வைத்து, மாவில் விழுந்த அச்சும் தாம் பூசிய கோடும் ஒத்தால் அவ்வெழுத்தைச் சரியென்று குறித்துக்கொண்டார்கள். ஐயமெனில் மீண்டும் மாவு. அதற்கு மேலும் ஐயமெனில் நான்காம் முறையும் மாவு. பகலைக் காட்டிலும் மாலையில் சூரியன் மேற்கே சாயும்போது எழுத்து நன்றாகத் தெரிந்ததாம். இது முழுக்க முழுக்க உண்மையான கருத்து. பக்கவாட்டில் விழும் ஒளிதான் தேய்ந்த எழுத்தைக் காட்டும் என்பதை இன்றும் கல்வெட்டாய்வாளர் மாணவர்க்குக் கற்பிக்கிறார்கள். வேறு சிலர் விளக்குக்கரியைத் தேய்த்துப் பார்த்தனர். ராஃபிள்ஸ் வீரியமுள்ள அமிலத்தை ஊற்றிப் பார்த்ததாகவும் செய்தி உண்டு. மணற்பாறைமேல் அமிலம் ஊற்றுவது நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட கேடு என்றே நாம் சொல்வோம்.

இத்தனை உழைப்புக்குப் பிறகு, வில்லியம் பிளண்ட் என்னும் கப்பல் மருத்துவர் எடுத்த படி கல்கத்தாவுக்குச் சென்றது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் அதனை வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிப் புகழெய்திய பிரின்செப் அவரேதான். அந்த ஆண்டும் அதே ஆண்டுதான். அன்றைய உலகில் இந்திய எழுத்துகளைப் படிக்க மிகவும் தகுதி வாய்ந்தவரின் மேசைக்கு நம் கல்லின் படி சென்றிருக்கிறது. ஆனால் படி தெளிவாக இல்லை. கையால் வரைந்த படியில், வரைந்தவர் கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றியது மட்டுமே இருக்கும். அவர் அறியாத எழுத்தை அவர் கண் எவ்வாறு காணும்?

இதற்கிடையில், 1834இல், கல்லுக்கு வேறொரு விளக்கம் பிறந்தது. சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த பெக்பி என்னும் அதிகாரி மலாய்த் தீபகற்பத்தைப் பற்றி எழுதிய நூலில், இக்கல்லைச் செஜாரா மெலாயு சொல்லும் பாடாங் கதையோடு பிணைத்தார். நம் மாணவர் தொடக்கப்பள்ளியிலேயே கேட்டிருக்கும் கதை. பெருவலி படைத்த பாடாங், மலாய் நூல் கெலிங் என்று சுட்டும் தென்னிந்திய நாட்டிலிருந்து வந்த மல்லனோடு போட்டியிட்டு, அரண்மனை முன்னிருந்த பாறையைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் எறிகிறான். அதுவரை யாவரும் அறிந்தது. கதை அதோடு முடியவில்லை. பாடாங் இறந்தபோது, அச்செய்தி கேட்ட அந்தத் தென்னிந்திய அரசன் அவனுடைய கல்லறையில் நிறுத்துவதற்கு இரண்டு கற்றூண்களை அனுப்பினான் என்றும் அந்நூல் கூறுகிறது. 1821இல் அச்சான லேடனின் ஆங்கில மொழிபெயர்ப்பு கல்லறையைச் சிங்கப்பூர்க் கடல்முனையில் வைக்கிறது. பூரு என்னும் இடத்தில் வைக்கும் ஏடுகளும் உண்டு. இக்கதையின் துணைகொண்டு, ஆற்று முகத்துக் கல்லே அந்த நினைவுச்சின்னம் என்றார் பெக்பி.

பகைவனாக ஆளனுப்பிய அரசன், வென்றவனின் கல்லறைக்குக் கல் அனுப்புகிறான். நடுகல் மரபில் வளர்ந்த நமக்கு இது மிகவும் இனிக்கும் செய்தி. ஆனால் கதையில் இரண்டு வேறு கற்கள் இருக்கின்றன. எறிந்த பாறை ஒன்று. கல்லறைத் தூண்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால்தான் ஐம்பது வரி எழுத்துடைய பாறையைக் கல்லறைக் கல்லாகக் கொள்ள முடியும். கிராஃபர்ட் விவரித்ததோ பிளந்த பாறை, நாட்டிய தூண் அன்று. ஆகவே இக்கல் எவருடைய மறைவையேனும் குறிப்பது என்பதற்குக் கல்லிலிருந்து சான்று இல்லை. கதை கல்லைப் பார்த்துப் பிறந்ததா என்பது வேறு வினா. படிக்கவியலாத எழுத்தோடு ஒரு பெரும்பாறை ஊர்வாயிலில் நின்றால், அதற்கு மக்கள் ஒரு கதை சொல்லாமல் இரார்.

1843 ஜனவரி. ஆற்றின் வாயிலை அகலப்படுத்தவும் புல்லர்டன் கோட்டை அதிகாரிக்கு இருப்பிடம் அமைக்கவும் இடம் தேவைப்பட்டது. குடியேற்றப் பகுதியின் பொறியாளர் பொறுப்பிலிருந்த கேப்டன் ஸ்டீவன்சன் கல்லை வெடிவைத்துத் தகர்த்தார். சென்னைப் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் லோ முன்கூட்டியே வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பாரில்லை. அப்துல்லா மனம் வெதும்பி எழுதுகிறார். உன்னால் செப்பனிட இயலாததை அழிக்காதே என்னும் பொருளுடைய மலாய் முதுமொழியை அங்கு நினைவுகூர்கிறார்.

லோ செய்தது இதுவே. சிதறிய கற்களுக்கிடையே எழுத்துள்ளவற்றைத் தேடியெடுத்து, கொண்டுசெல்ல ஏற்றவாறு சிறு பலகைகளாகச் செதுக்குவித்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவர் இல்லாவிடில் இன்று நம்மிடம் ஒன்றுமே இராது. என்றாலும், எந்தத் துண்டு முழுக்கல்லின் எப்பகுதியைச் சேர்ந்தது, மேற்பகுதியா, கீழ்ப்பகுதியா, வரியின் தொடக்கமா, முடிவா என்பது அத்துடன் தொலைந்தது. அபைடோசுக் கற்களுக்கு நேர்ந்தது போன்றதே. அங்குப் பெயர்கள் துணைக்கு வந்தன. இங்கு அதுவும் இல்லை.

எல்லாத் துண்டுகளும் லோவிடம் சிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கல்கத்தாக் கழகத்தார் எஞ்சியவற்றைக் கேட்டு எழுதியபோது, ஆளுநர் பட்டர்வொர்த் அளித்த மறுமொழி நம் பாடநூல்களில் இடம்பெறத் தக்கது. எழுத்துள்ள ஒரு துண்டு கருவூலக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் கிடந்ததாகவும், காவற் சிப்பாய்களும் அலுவல் நிமித்தம் வந்து காத்திருப்போரும் அதன்மேல் உட்கார்ந்துவந்ததாகவும், தாம் அதனைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்குள் எழுத்து பெரும்பாலும் தேய்ந்துவிட்டதாகவும் அவர் எழுதினார். காத்திருப்போர் அமர்ந்து அமர்ந்தே ஒரு கல்வெட்டு அழிந்திருக்கிறது. அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. அது கல்வெட்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

1848இல் லெய்ட்லே என்பவர் கல்கத்தாவில் அத்துண்டுகளை ஆராய்ந்தார். நுண்ணிய எலும்புக்கரித் தூளைக் கல்மேல் தூவி, இறகால் மெல்லத் துடைத்து, பள்ளங்களில் மட்டும் கரி நிற்குமாறு செய்து வரைந்தார். அதே கட்டுரையில், லோ வெல்லெஸ்லி மாநிலத்தில், அதாவது இன்றைய செபராங் பிறையில், கண்டெடுத்த மற்றொரு கல்வெட்டும் இடம்பெற்றது. மாநாவிகன் புத்தகுப்தனின் கல்வெட்டு என்று பெயர்பெற்றது அது. அதனைப் படிக்க முடிந்தது. ஒரே கையால் அதே நகருக்கு அனுப்பப்பட்ட கற்களில் ஒன்று பேசுகிறது, ஒன்று பேசவில்லை.

கல்கத்தாவிலிருந்த துண்டுகளில் ஒன்று, முதல் உலகப் போர் முடியும் காலத்தில், அப்போதைய ராஃபிள்ஸ் அரும்பொருளகம் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கு வந்துசேர்ந்தது. கடனாக வந்தது. 2006இல் நாட்டின் பெருஞ்செல்வங்களாக அறிவிக்கப்பட்ட பதினொரு பொருள்களில் அதுவும் ஒன்று. நம் மண்ணில் வெட்டுண்ட கல் வெளிநாடு போய்க் கடனாகத் திரும்பி வந்து செல்வமாகியிருப்பதில் ஒரு விந்தை உண்டு.

இனி, ஆசிரியர்களுக்கு முன்னர்க் குறிப்பிட்ட வினா. டச்சு அறிஞர் ஹென்றிக் கெர்ன் அச்சான படங்களிலிருந்து சில எழுத்துத் தொடர்களை மட்டும் படித்தார். அவற்றுள் ஒன்று 'கேசரபரல' என்பது. தமிழெழுத்தில் எழுதும்போது ஒலி வேறுபாடுகள் மறைந்துவிடும். அவர் படித்ததில் பகரம் மூச்சொலியுடன் கூடியது. அது என்ன மொழி, எக்காலம் என்று அவர் முடிவு கூறவில்லை. பிற்காலத்தில் டி காஸ்பாரிஸ் எழுத்தமைதியைக் கொண்டு பத்து அல்லது பதினோராம் நூற்றாண்டாகலாம், மொழி பழைய ஜாவானியமாகலாம் என்றார். இந்தோனேசியக் கல்வெட்டறிஞர் பூச்சாரி பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டதன்று, சுமத்திரா எழுத்துக்கு நெருக்கமானது, மொழி சமஸ்கிருதமாகவும் இருக்கலாம் என்றார். 2019இல் இயன் சின்கிளேர், ஒரு துண்டில் கேசரி என்னும் சொல்லின் பகுதியைக் கண்டு, அது 'பரகேசரிவர்மன்' என்னும் சோழப் பட்டத்தின் எச்சமாகலாம் என்ற கருத்தை முன்வைத்தார்.

இக்கருத்து வெளிவந்ததும் நம்மவரிடையே பெருமகிழ்ச்சி எழுந்தது இயல்பே. முதலாம் இராசேந்திரன் பரகேசரிப் பட்டம் பூண்டவன். 1025ஆம் ஆண்டை ஒட்டி அவன் கடற்படை கடாரம் உள்ளிட்ட துறைகளைத் தாக்கியதைத் தஞ்சைக் கல்வெட்டு பட்டியலிடுகிறது. காலமும் ஒத்துவருவதுபோல் இருக்கிறது. ஆனால் படிப்படியாகப் பார்ப்போம். கல்லில் இருப்பது நடுப்பகுதியிலுள்ள சில எழுத்துகள். முன்னாலுள்ள 'பர' என்பதும் பின்னாலுள்ள 'வர்மன்' என்பதன் எஞ்சிய பகுதியும் ஆய்வாளர் நிரப்பியவை. சோழ வேந்தர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் பூண்டனர். ஆகவே முன்னெழுத்து இன்றி எவ்வேந்தன் என்று சொல்ல இயலாது. பரகேசரி என்றே கொண்டாலும் அப்பட்டம் உடையோர் பலர். கேசரி என்பது சிங்கத்தையும் குறிக்கும், கேசரம் பிடரிமயிரையும் பூந்தாதையும் குறிக்கும். சிங்கத்தின் பெயர்கொண்ட ஊரில் சிங்கத்தைக் குறிக்கும் சொல் கிடைப்பதற்குச் சோழர்தாம் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. எழுத்தும் தமிழெழுத்தோ கிரந்தமோ அன்று. தீவுக்கூட்டத்தில் வழங்கிய கவி எழுத்தின் வகை.

இவ்வளவும் சொல்வதால் சின்கிளேரின் கருத்தை நாம் மறுப்பதாக எண்ண வேண்டாம். ஆய்வாளர் என்னும் முறையில் அவர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார். 'ஆகலாம்' என்ற அளவில் நிறுத்தியிருக்கிறார். அந்த 'ஆகலாம்' வகுப்பறைக்கு வருவதற்குள் 'ஆகும்' என்றாகி, ஆண்டுவிழா மேடைக்குச் செல்வதற்குள் 'ஆயிற்று' என்றாகிவிடுகிறது. இதுதான் நம் கவலை. 1819இல் கல்லைச் சுற்றி நின்ற கூட்டத்தார் தத்தம் எழுத்தை அதில் கண்டதற்கும் இதற்கும் வேறுபாடு வேண்டாமா? வினைமுற்றின் வடிவத்தைச் சொல்லிக்கொடுப்பவர்கள் தமிழாசிரியர்கள். 'ஆகலாம்' என்பதற்கும் 'ஆகும்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை மாணவர்க்கு உணர்த்த இக்கல்லைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

சோழர் தொடர்பைக் காட்ட இக்கல்தான் வேண்டுமென்பதுமில்லை. சுமத்திராவின் பாரூசை அடுத்த லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைத் தெளிவாகப் பெயர் சொல்கிறது. அதுவும் உடைந்த கல்தான்; இன்று ஜகார்த்தாவில் இருக்கிறது. இலங்கையின் காலி நகரில் 1911இல் ஒரு பொறியாளர் கண்ட கல்லோ, மதகின் மூடுபலகையாகக் கிடந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் எழுதப்பெற்று, 1409ஆம் ஆண்டைத் தாங்கிய அக்கல்லின் தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. மதகு கட்டியவர் அதனை உடைக்காமல் விட்டார். அந்த ஒரு நற்பேற்றினால் அது இன்று கொழும்பில் முழுதாக நிற்கிறது. நம் ஆற்றங்கரைப் பொறியாளருக்கும் ஒரு மதகு தேவைப்பட்டிருக்கலாகாதா என்று சில வேளைகளில் எண்ணத் தோன்றுகிறது.

பண்டைக் கற்களைப் பற்றி இவ்வளவு பேசிய பின், இந்த வட்டாரத்துக் கற்களைப் பற்றிப் பேசாதிருப்பது முறையன்று. தோ பாயோவை அடுத்த பிடாடாரியில் இப்போது வீவக குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. வித்தியாதரி என்னும் வடசொல் மலாயில் பிடாடாரி ஆயிற்று. தேவமகள் என்று பொருள். ஜோகூர் சுல்தான் அபூபக்கரின் மனைவியருள் ஒருவர் வாழ்ந்த மாளிகையின் பெயரால் வழங்கிய அந்நிலம், 1908 முதல் இடுகாடாக இருந்தது. கிறித்தவர், முஸ்லிம், இந்து எனத் தனித்தனிப் பகுதிகள். நம்மவர் மூன்று பகுதிகளிலும் அடக்கமாயினர். 2001க்கும் 2006க்கும் இடையில் ஏறத்தாழ 58,000 கிறித்தவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கல்லறைகளும் தோண்டி அகற்றப்பட்டன. நிலம் குறைந்த நாட்டில் அது தவிர்க்கவியலாத முடிவு. அதனை நாம் குறைகூறவில்லை. தெரிந்தெடுத்த சில கற்கள் மட்டும் நினைவுத் தோட்டம் ஒன்றில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. மருத்துவர் லிம் பூன் கெங்கின் கல் அங்கிருக்கிறது. ஜோசப் கான்ராடின் நாவல் நாயகனுக்கு முன்மாதிரியான கப்பலோட்டி வில்லியம்ஸின் கல்லும் இருக்கிறது. புகழ்பெற்றோரின் கற்கள் அவை. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்து மறைந்தவரின் கல்லில் ஊர்ப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருந்தது, தமிழ் எண்கள் எந்த ஆண்டு வரை வழங்கின, சிற்பி 'ளகர ழகர' வேறுபாட்டை எவ்வாறு கையாண்டார் என்பன போன்ற செய்திகளைப் புகழ்பெற்றோரின் கற்கள் தரா.

கேனிங் கோட்டைப் பூங்காவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அங்குச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கும் பழைய கிறித்தவக் கல்லறைக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து இருக்கிறது, கல்லறை இல்லை. எக்கல் எவ்விடத்தில் நின்றது என்பதைச் சுவர் சொல்லாது.

எஞ்சியிருக்கும் தமிழ்க் கற்கள் இன்னும் இத்தீவில் உண்டு. அடக்கத்தலங்களில், கோயில் தூண்களின் அடியில், பள்ளிவாசல் முற்றங்களில், பழைய கட்டடங்களின் அடிக்கல்களில் அவற்றைக் காணலாம். மாணவர்கள் கைப்பேசியில் படமெடுக்கும்போது, முதலில் கல்லை அதன் சுற்றுப்புறத்தோடு எடுங்கள். பிறகு அருகில் செல்லுங்கள். அளவுகோல் ஒன்றை அருகில் வையுங்கள். எழுத்து மங்கலாயின் தண்ணீரோ சுண்ணமோ பூசாதீர்கள். மாலை வெயிலுக்குக் காத்திருங்கள், அல்லது ஒருவர் பக்கவாட்டிலிருந்து விளக்குக் காட்டட்டும். எழுத்துப் பிழை என்று உங்களுக்குத் தோன்றுவதைத் திருத்தாமல், கல்லில் உள்ளவாறே படியெடுங்கள். வரி எங்கே முடிகிறதோ அங்கே நீங்களும் வரியை முடியுங்கள். தெரியாத எழுத்துக்குப் புள்ளியிடுங்கள். ஊகித்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் இடுங்கள். நாளையும் இடத்தையும் உரிமையாளரின் இசைவையும் எழுதிவையுங்கள். அப்படிகளைப் பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பாக வைக்க முன்வரும் ஆசிரியர்கள், பொழிவு முடிந்ததும் நம்மிடம் பேசலாம். தேசிய அரும்பொருளகத்துத் துண்டை ஒன்றாகச் சென்று பார்ப்பதற்கு ஏற்ற நாளையும் அப்போதே முடிவுசெய்துகொள்வோம்.